அச்சுக்கு முன் வாசகர்: சொந்த நாவலைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் திட்டம்

ஆந்திரத்தின் தென்கோடியில், சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களில் தெலுங்கும் தமிழும் அருகருகே புழங்குகின்றன. சித்தூரிலும் திருப்பதியிலும் நம் கிளைகளுக்கு வருவோரில் தமிழ் படிப்பவர் பலர்; எழுதுபவரும் உண்டு. ஓய்வுக்காலப் பணப்பயன் கணக்கில் வரவு வைக்கப்பட்ட சில மாதங்களில், நிலை வைப்பு ஒன்றை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு சிலர் கேட்கின்றனர். காரணம் வினவினால் மகளின் திருமணம், வீட்டுப் பழுது, மருத்துவச் செலவு என்ற விடைகளே பெரும்பாலும் கிடைக்கும். இடையிடையே, “ஒரு நாவல் எழுதி வைத்திருக்கிறேன், அச்சிட வேண்டும்” என்ற விடையும் வருவதுண்டு.

அந்த விடை நமக்கு மகிழ்ச்சியையும் கவலையையும் ஒருங்கே தருகிறது. நாவலை எப்படி எழுதுவது என்று சொல்லும் தகுதி வங்கி அலுவலருக்கு இல்லை. ஆனால் எழுதி முடித்த நாவல் அச்சேறும் கணத்தில் அது ஒரு சரக்காகவும் ஆகிவிடுகிறது. அதற்கு முதலீடு உண்டு, விற்பனை உண்டு, தேங்கும் இருப்பு உண்டு, வராத பாக்கி உண்டு. முப்பது ஆண்டு உழைப்பில் சேர்ந்த பணம் கட்டுக்கட்டான புத்தகங்களாகப் பரணில் ஏறிவிடாமல் காப்பது எப்படி என்பதைப் பற்றி நாம் சில சொல்லலாம்.

மாந்தோப்பு தரும் பாடம்

சித்தூர் வட்டாரத்தாருக்கு இதை விளக்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. இங்கு விளையும் தோத்தாபுரி மாங்காய், கூழ் ஆலைகளை நம்பியே பயிரிடப்படுகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் தோப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் காய் இறக்கும்போது, வாங்குபவர் யார் என்பதை முன்பே உறுதி செய்துகொள்ளாதவரின் வண்டி ஆலை வாசலில் நாட்கணக்கில் நிற்கிறது. 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் விலை வீழ்ந்தபோது, விவசாயிக்குக் கிலோவுக்கு 12 ரூபாயாவது கிடைக்கட்டும் என்று ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தருவதாக ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

நாவலுக்கு அப்படித் தாங்கு விலை தருவார் எவரும் இல்லை. மாங்காய் அழுகும், புத்தகம் அழுகாது என்பது உண்மையே. ஆனால் விற்காத புத்தகத்தில் முடங்கிய பணம் ஒவ்வொரு மாதமும் வட்டியை இழக்கிறது. ஆகவே வாங்குபவரைத் தேடும் வேலை அச்சகத்துக்குப் போகும் முன்பே தொடங்க வேண்டும். இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்தும் இதுவே.

முன்னோர் கண்ட வழிகள்

இது புதிய கருத்தன்று. உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். அச்சுச் செலவு ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கு அடங்குவதன்று. அக்கால வழக்கப்படி அவர் ‘கையொப்பம்’ திரட்டினார். நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாக அன்பர்கள் முன்கூட்டியே பெயரெழுதிக் கையெழுத்திட்டுத் தரும் முறை அது. இன்று நாம் ‘முன்பதிவு’ என்று சொல்வது அதைத்தான்.

வை. மு. கோதைநாயகி வேறொரு வழியைக் கண்டார். 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தம் பொறுப்பில் ஏற்று, அதில் தம் நாவல்களைத் தொடராக வெளியிட்டார். மாதந்தோறும் அடுத்த பகுதிக்குக் காத்திருந்தவர்களே புத்தகத்தையும் வாங்கினர். முறையான பள்ளிக் கல்வி பெறாத அவர் 115 நாவல்களை எழுதியதோடு, அவற்றைப் படிக்கும் கூட்டத்தையும் தாமே உருவாக்கிக்கொண்டார். இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸின் முதல் நாவலும் 1836, 1837-ஆம் ஆண்டுகளில் மாதப் பகுதிகளாகவே வந்தது. ஆயிரம் படிகளில் தொடங்கிய அவ்வெளியீடு, முடியும் தறுவாயில் நாற்பதாயிரத்தைத் தொட்டது.

இவற்றுக்கு எதிரான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. அதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. சுப்பிரமணிய பாரதி 1920-இல் கடையத்தில் இருந்தபோது தம் எழுத்துகளை 40 நூல்களாக வெளியிடத் திட்டமிட்டார். ஒவ்வொரு நூலிலும் 10,000 படிகள். ஆக மொத்தம் 4 லட்சம் படிகள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் விலைபோகும் என்று நம்பி, மூலதனத்துக்காக அன்பர்களிடம் கடன் கேட்டு அறிக்கை விடுத்தார். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். தம் எழுத்தின் தகுதியை அவர் சரியாகவே மதிப்பிட்டார் என்பதைப் பின்வந்த நூறாண்டுகள் மெய்ப்பித்துவிட்டன. ஆனால் அந்த 4 லட்சம் என்ற எண் நம்பிக்கையிலிருந்து பிறந்தது. பெயர் எழுதித் தந்த வாசகர்களை எண்ணி வந்ததன்று. மகாகவிக்கே கைகொடுக்காத அந்தக் கணக்கு முறையை நாம் பின்பற்றலாகாது.

நிதித் துறையிலிருந்து ஒரு நாவலாசிரியர்

நம் காலத்துக்கு வருவோம். ஐஐஎம் கல்கத்தாவில் படித்த அமிஷ் திரிபாதி, வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் பணிபுரிந்தவர். சிவபெருமானை நாயகனாகக் கொண்டு ஆங்கிலத்தில் அவர் எழுதிய முதல் நாவலைப் பல பதிப்பகங்கள் ஏற்க மறுத்தன. இறுதியில் அவருடைய இலக்கிய முகவரே அச்சிட முன்வந்தார். விளம்பரப் பொறுப்பை அமிஷ் ஏற்றார். 2010-இல் வெளியான அந்நாவல் விரைவிலேயே விற்பனைப் பட்டியல்களில் இடம் பிடித்தது. பின்னர்ப் பெரிய பதிப்பகம் அதை ஏற்றுக்கொண்டது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

அவர் செய்தவற்றுள் இரண்டு கவனிக்கத் தக்கவை. முதலாவது, நாவலின் முதல் அத்தியாயத்தை மட்டும் சிறு நூலாக அச்சிட்டு, புத்தகக் கடைகளில் பணம் செலுத்தும் இடத்தில் இலவசமாகக் கிடைக்கச் செய்தார். வேறொரு புத்தகம் வாங்க வந்தவர் இதையும் கையோடு கொண்டுபோனார். படித்துப் பிடித்திருந்தால் முழு நூலுக்குத் திரும்பி வந்தார். ‘மிகச் சிறந்த நாவல்’ என்று விளம்பரம் செய்வதற்கும், ‘சிறிது படித்துப் பாருங்கள்’ என்று கையில் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சந்தைப்படுத்தல் துறையில் இருந்த அவர் அறிந்திருந்தார். யூடியூபில் ஒரு முன்னோட்டக் காணொலியையும் வெளியிட்டார்.

இரண்டாவது செய்தி நம் வாசகர்களுக்கு இன்னும் முக்கியமானது. புத்தகம் விற்கத் தொடங்கியதும் அவர் வேலையை விட்டுவிடவில்லை. நூலிலிருந்து வரும் ராயல்டி தம் சம்பளத்தை விஞ்சிய பின்னரே பதவி விலகினார். கற்பனைக் கதை எழுதியவர் குடும்ப வரவுசெலவில் கற்பனைக்கு இடம் தரவில்லை.

பேனாவுக்குப் பின் பென்சில்

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இவ்வெண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் அச்சகம் தரும் விலைப்புள்ளியை இவ்விடங்களில் இட்டுப் பாருங்கள்.

300 படிகள் அச்சிடப் படிக்கு 100 ரூபாய் வீதம் 30,000 ரூபாய். விளம்பரத்துக்கு 10,000 ரூபாய். ஆக மொத்தம் 40,000 ரூபாய். நூலின் விலை 250 ரூபாய். கடைக்காரருக்கு 35 விழுக்காடு கழிவு தந்தால் படிக்கு 162 ரூபாய் 50 காசு மிஞ்சும். கடைகளை மட்டும் நம்பினால் போட்ட பணத்தை மீட்க 247 படிகள் விற்றாக வேண்டும். அந்தப் பணமும் உடனே வராது. விற்றபின் தருவதாகவே கடைகள் நூல்களை எடுத்துக்கொள்ளும். விற்காதவை திரும்பி வரும்.

இப்போது அச்சுக்கு முன்பே 100 பேரிடம் சலுகை விலையாக 220 ரூபாய் வீதம் முன்பதிவு பெற்றுவிட்டதாகக் கொள்வோம். 22,000 ரூபாய் கையில் இருக்கிறது. உங்கள் சொந்தப் பணத்தில் 18,000 ரூபாய் மட்டுமே இடரில் நிற்கிறது. அதை மீட்கக் கடைகளில் 111 படிகள் விற்றால் போதும்.

“ஆயிரம் படிகளாக அடித்தால் படிக்கு 70 ரூபாய்தான் ஆகும்” என்று அச்சகத்தார் சொல்வார். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் அப்போது விளம்பரத்தோடு மொத்தச் செலவு 80,000 ரூபாய். அதே நூறு முன்பதிவு போக இன்னும் 357 படிகள் விற்றால்தான் கைப்பணம் திரும்பும். ஒரு படியின் அடக்கவிலை குறைந்தது. முடங்கும் தொகை மும்மடங்குக்கும் மேலாகப் பெருகியது. முதல் 300 தீர்ந்தபின் மறுபதிப்பு அடிப்பது எக்காலத்தும் இயலும். அச்சிட்டுவிட்ட எழுநூற்றை அச்சகம் திரும்ப எடுத்துக்கொள்ளாது.

அந்த 18,000 ரூபாய்க்காக நிலை வைப்பை முடிக்க வேண்டியதில்லை. தனிநபர்க் கடனும் வேண்டியதில்லை. நாவலை எழுதத் தொடங்கும் நாளிலேயே மாதம் 1,500 ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்பைத் தொடங்குங்கள். பன்னிரண்டு மாதங்களில் அசலே 18,000 ரூபாய் ஆகிவிடும், வட்டி தனி. நாவலை முடிக்கப் பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்கு மேலாகும் என்பதால் அவசரமும் இல்லை. விற்றால் மகிழ்ச்சி, விற்காவிடினும் குடும்பத்தின் அடுப்பங்கரைக்கு அந்தச் செய்தி எட்டாது.

ஜூலை முதல் ஜனவரி வரை

சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் நடப்பதால் தமிழ்ப் பதிப்புலகின் பருவம் அதையொட்டியே சுழல்கிறது. அதற்கேற்பப் பின்னோக்கித் திட்டமிடலாம்.

ஜூலையில், முடிந்த கைப்பிரதியை ஐந்து பேரிடம் கொடுங்கள். உறவினர் இருவருக்கு மேல் வேண்டாம். அதே மாதத்தில் ஒரு பதிவேட்டைத் திறந்து, உங்களுக்குத் தெரிந்த தமிழ் படிப்பவர்களின் பெயர், ஊர், அலைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள். உடன் பணியாற்றியவர், பழைய மாணவர், சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறிய ஊர்க்காரர் என்று நினைவைத் துழாவினால் பட்டியல் இருநூறைத் தாண்டும். இப்பதிவேடே உங்கள் முதல் மூலதனம்.

ஆகஸ்டில், உங்கள் நாவல் எதைப் பற்றியது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அது இயலவில்லையெனில் விற்பவராலும் சொல்ல இயலாது. ‘குடும்பக் கதை’ என்பதைவிட, ‘நகரியில் விசைத்தறி ஓட்டிய ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை’ என்பது கேட்பவரை நிறுத்தும். சர்வதேசத் தரப் புத்தக எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கும் இம்மாதமே விண்ணப்பியுங்கள். ராஜாராம் மோகன்ராய் தேசிய முகமை அதை இணையவழியில் கட்டணமின்றி வழங்குகிறது. இதற்கெனப் பணம் கேட்பவருக்கு ஒரு காசும் தர வேண்டாம்.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் முதல் அத்தியாயத்தைப் பதினாறு பக்கச் சிறு நூலாக அச்சிட்டு, கிளை நூலகங்களிலும் கல்லூரித் தமிழ்த் துறைகளிலும் கொடுங்கள். குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருப்பதியில் 1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. பதிவேட்டில் உள்ளவர்களுக்கு அதே அத்தியாயத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். குழுக்களில் கொட்டுவதைவிட, ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி இரண்டு வரி எழுதி அனுப்புவது பலன் தரும்.

நவம்பரில் முன்பதிவு. இதற்கெனத் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்குவது நலம். உங்கள் தேவைக்கு எவ்வகைக் கணக்கு ஏற்றது என்பதைக் கிளையில் கேளுங்கள். யுபிஐ க்யூஆர் குறியீட்டைப் பெற்றுக்கொண்டால் யார் செலுத்தினார், எப்போது செலுத்தினார் என்பதெல்லாம் கணக்கறிக்கையிலேயே பதிவாகிவிடும். நூறு பேர் சேரவில்லையெனில் மனம் தளராமல் எண்ணிக்கையைக் குறைத்து அச்சிடுங்கள். அறுபது பேர் பதிந்தால் இருநூறு படிகள் போதும். வாசகர் சொல்லும் எண்ணே அச்சகத்துக்குச் சொல்ல வேண்டிய எண்.

டிசம்பரில் அச்சு. இதழ்களின் மதிப்புரைக்கும் நல்ல வாசகர்களுக்குமாக இருபது படிகளை ஒதுக்குங்கள். நூல் வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு பொது நூலகங்களுக்கு ஒவ்வொரு படி அனுப்புவது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிடுபவரின் கடமை. நீங்களே வெளியிட்டால் அக்கடமை உங்களுடையது.

ஜனவரியில் வெளியீடு. மண்டபம், பதாகை, பொன்னாடை, சிற்றுண்டி ஆகியவற்றிலேயே விளம்பரத் தொகை முழுவதும் கரைந்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். பொன்னாடை வாங்கியவர் புத்தகம் வாங்குவதில்லை. ஒரு பள்ளி அறையில் முப்பது பேரை அமர்த்தி, ஓர் அத்தியாயத்தைப் படித்து உரையாடினால் செலவும் குறையும், விற்பனையும் கூடும். புத்தகக் காட்சியில் சொந்த அரங்கு எடுப்பது தனி எழுத்தாளருக்குக் கட்டாது. அரங்கு எடுக்கும் விற்பனையாளரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். தமிழக அரசின் ஏற்பாட்டில் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்கள் நடைபெறுகின்றன. சித்தூரிலிருந்து வேலூரும், திருப்பதியிலிருந்து திருவள்ளூர் மாவட்டமும் ஒரு நாளில் போய்த் திரும்பும் தொலைவே.

நூலக ஆணை வந்தால் வரவேற்கலாம். ஆனால் வரும் என்று எண்ணி அதை வரவுப் பக்கத்தில் எழுதிவிடாதீர்கள்.

எல்லைக்கு அப்பாலும் வாசகர்

சித்தூர் மாவட்டத்தில் பிறந்த டாக்டர் கேசவ ரெட்டி தெலுங்கில் எழுதிய நாவல் ஒன்றை, ஏ. ஜி. எத்திராஜுலுவின் மொழிபெயர்ப்பில் ‘அவன் காட்டை வென்றான்’ என்ற பெயரில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. அதன் வழியே, தெலுங்கு அறியாத தமிழ் வாசகர் பலர் அவரை அறிந்தனர். இந்த எல்லையை மறுபக்கத்திலிருந்தும் கடக்கலாம். இவ்வட்டார வாழ்க்கையைத் தமிழில் எழுதுபவர்க்குத் தெலுங்கு வாசகர் இயல்பான இரண்டாம் சந்தை. ஆகவே பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்யும்போது மொழிபெயர்ப்பு உரிமையும் திரைப்பட உரிமையும் யாரிடம் இருக்கும் என்பதைப் படித்துப் பார்த்தே கையெழுத்திடுங்கள். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை எழுதிய கணத்திலிருந்தே உங்களுடையது. உங்கள் வாழ்நாளுக்குப் பின் அறுபது ஆண்டுகள் வரை வாரிசுகளுக்கு உரியது. அதுவும் ஒரு சொத்தே. உயிலில் அதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

சில எச்சரிக்கைகள்

“உங்கள் நாவலை உலகெங்கும் விற்றுத் தருகிறோம், திரைப்பட நிறுவனத்திடம் சேர்க்கிறோம், விருதுக்குப் பரிந்துரைக்கிறோம்” என்று முன்பணம் கேட்டு வரும் அழைப்புகளை ஐயுறுங்கள். எத்தனை படிகள், எங்கே, எந்தத் தேதிக்குள், விற்காவிடில் என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை கேளுங்கள். விடை வராவிடில் பணமும் போகக் கூடாது. புத்தகம் வாங்குவதாகச் சொல்லி க்யூஆர் குறியீட்டை அனுப்பி, அதை நீங்கள் ஸ்கேன் செய்து பின் எண்ணை இடச் சொல்பவர் வாசகர் அல்லர், திருடர். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

அச்சிட்ட நூல்களின் விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை. பதிப்பகத்திடமிருந்து பெறும் ராயல்டிக்கு, பழைய வரி முறையைத் தேர்ந்தோர் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழிவு பெற 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இடம் தந்தது. நீங்களே அச்சிட்டு விற்று ஈட்டும் இலாபம் வேறு வகை. இப்போதுள்ள விதிகளைத் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்க.

நாவலின் முதல் நூறு வாசகர்களைப் பணம் கொடுத்துப் பெற இயலாது. ஒவ்வொருவராகத் தேடித்தான் பெற வேண்டும். அதற்குத் தேவைப்படுவது பெரும்பாலும் காலமும் கடிதமும் அலைபேசி அழைப்பும்தான். அடுத்த இருநூறு பேரை அந்த நூறு பேரே அழைத்து வருவர். உங்கள் கைப்பிரதி முடியும் நிலையில் இருந்தால், வைப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கிளைக்கு வரும் முன், வீட்டிலிருக்கும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் நூறு எண்களை வரிசையாக எழுதி, எதிரே பெயர்களை நிரப்பத் தொடங்குங்கள். நிரம்பிய பக்கங்களோடு வாருங்கள். மற்றக் கணக்கை நாம் சேர்ந்து போடுவோம்.